திருகோணமலைப் பாறைகளில் பிளவுப்பெயர்ச்சியை வாசிப்பது எப்படி

கோணேசர் கோயிலைத் தரிசித்துவிட்டு இறங்கும்போது, கடலோரப் பாறையிலுள்ள பெரும்பிளவான இராவணன் வெட்டை எட்டிப் பாராமல் வருபவர் அரிது. தாயின் வழிபாட்டிற்காக மலையோடு கோயிலையும் பெயர்த்தெடுக்க முயன்ற இராவணனின் வாள் பட்ட இடம் அது என்னும் ஐதிகத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்த கையோடு, பெரியவர்களில் ஒருவராவது "உண்மையில் இது பூமி அதிர்ந்து பிளந்த இடந்தானா?" என்று கேட்பதுண்டு. நல்ல கேள்வி. ஆனால், அதற்கு விடை காண்பதற்கு முன், பாறையில் தெரியும் எல்லா வெடிப்புகளும் ஒரே வகையின அல்ல என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

பாறை வெடித்து, வெடிப்பின் இருபக்கமும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டால் அது மூட்டு எனப்படும். வெடிப்பின் வழியே ஒரு பக்கம் மற்றதைவிட மேலேயோ, கீழேயோ, பக்கவாட்டிலோ நகர்ந்திருந்தால் மட்டுமே அது பிளவுப்பெயர்ச்சி. நகர்வு ஒரு விரற்கடை அளவினதாக இருக்கலாம். பல நூறு கிலோமீற்றராகவும் இருக்கலாம். அளவு முக்கியமன்று, நகர்ந்ததா இல்லையா என்பதே முக்கியம். மூட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஒரு குன்றில் பெயர்ச்சி ஒன்றேனும் இல்லாதிருக்கலாம். ஆகவே, எவ்வளவு அகலமான, எவ்வளவு ஆழமான பிளவைக் கண்டாலும், "இதன் இரு சுவரிலும் பொருந்த வேண்டியவை பொருந்துகின்றனவா?" என்னும் ஒரே கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் அனைத்தும் அந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிகளே.

முதலில் ஒரு மீன்தொட்டி

வெளியே புறப்படுமுன் வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடிய ஒரு பரிசோதனை உண்டு. கண்ணாடிச் சுவருள்ள பழைய மீன்தொட்டி ஒன்றின் நடுவே, அதன் அகலத்துக்குச் சரியாக வெட்டிய பலகையொன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அரித்து உலர்த்திய ஆற்றுமணலை இருபக்கமும் ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் பரவி, அதன்மேல் செங்கற்பொடியை மெல்லிய கோடுபோலத் தூவி, மீண்டும் மணல், மீண்டும் பொடி என ஐந்தாறு அடுக்குகள் வரும்வரை நிரப்புங்கள். பின்பு பலகையை ஒரு பக்கமாக, அவசரப்படாமல், விரல் விரலாக நகர்த்துங்கள்.

பலகை தள்ளும் பக்கத்தில் மணல் அமுக்கப்பட்டு மேலெழும். கண்ணாடியினூடாகப் பார்த்தால், செங்கற்பொடிக் கோடுகள் அறுந்து, பின்னாலுள்ள துண்டு முன்னாலுள்ளதன்மேல் ஏறிக்கொள்வதும், அறுந்த தளம் ஏறத்தாழ 30 பாகையளவில் சரிவாகக் கிடப்பதும் தெரியும். இதுவே எதிர்ப் பெயர்ச்சி. இவ்வாறு சரிவு குறைந்திருக்கும்போது அதனை உந்துப் பெயர்ச்சி என்பர். பலகை விட்டுச் சென்ற பக்கத்திலோ மணலுக்கு இடம் அகன்றுவிடுவதால், அது ஏறத்தாழ 60 பாகைச் சரிவில் அறுந்து கீழே வழுக்கும். இது இயல்புப் பெயர்ச்சி. மூன்றாவதான கிடைப் பெயர்ச்சியை, அடியில் இரண்டு தட்டுகளை அருகருகே வைத்து, மேலே மணலைப் பரவி, ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் இழுத்துக் காணலாம். அங்கு தளம் ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும்.

சாய்ந்த தளமொன்றின் மேலே கிடக்கும் பகுதியை மேற்பாளம் என்றும், அதைத் தாங்கும் பகுதியைக் கீழ்ப்பாளம் என்றும் கொள்வோம். மேற்பாளம் இறங்கியிருந்தால் நிலம் இழுபட்டிருக்கின்றது, ஏறியிருந்தால் நெருக்கப்பட்டிருக்கின்றது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொண்டால், மலைகளைப் பற்றிய பாடநூற் பக்கங்களிற் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

மணலில் நிமிடங்களில் நிகழ்வது நிலத்தில் வேறு வேகத்தில் நிகழ்கின்றது. பாறை வளைந்து வளைந்து விசையைச் சேமித்து, தாங்க முடியாத நிலையில் தளத்தின் வழியே சட்டென நழுவி, மீண்டும் பூட்டிக்கொள்ளும். 1906ஆம் ஆண்டுச் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தின்போது வேலிகளும் வீதிகளும் அறுந்து பக்கவாட்டில் நகர்ந்ததை அளந்த ஹரி பீல்டிங் ரீட் என்பவரே இவ்விளக்கத்தை 1910இல் முன்வைத்தார். அன்று சில இடங்களில் நகர்வு ஏறத்தாழ 6 மீற்றர். ஒரு பெரிய நிலநடுக்கம் தருவது இவ்வளவே என்றால், ஆயிரக்கணக்கான மீற்றர் உயரமுள்ள ஒரு மலைத்தொடர் எழ அத்தகைய நழுவல்கள் எத்தனை வேண்டும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இமயமலை பலகை தள்ளிய பக்கத்துக்குச் சான்று. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியத் தகடு ஆசியாவோடு முட்டத் தொடங்கியபின், மேலோட்டுத் துண்டுகள் வடக்கிலிருந்து தெற்காக ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடுக்கப்பட்டன. பிரதான மத்திய உந்து, பிரதான எல்லை உந்து, பிரதான முன்னணி உந்து என இன்று வரைபடங்களில் தெரியும் மூன்று பெரும் பெயர்ச்சிகள் அவ்வடுக்குகளின் விளிம்புகளேயாகும். எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியிற் கடலுயிர்ச் சுவடுகள் உள்ள சுண்ணாம்புக்கல் இருப்பது அதனால்தான்.

பலகை விலகிய பக்கத்துக்கு, விந்திய சாத்புரா மலைகளுக்கிடையே தாழ்ந்த நிலத்தில் மேற்கு நோக்கி ஓடும் நர்மதையைக் காட்டலாம். அமெரிக்காவின் சியெரா நெவாடா மலைத்தொடர் ஒருபக்கம் மட்டும் உயர்த்தப்பட்ட பலகைபோலக் கிழக்கே செங்குத்தாகவும் மேற்கே நீண்ட சரிவாகவும் கிடக்கின்றது. நமது நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புத்தளத்தை அடுத்த தப்போவையிலும் ஆண்டிகமவிலும் யுராசிக் காலத்து அடையற் பாறைகள் இன்றும் எஞ்சியிருப்பதற்கு, அவை பெயர்ச்சிகளால் தாழ்த்தப்பட்ட பள்ளங்களுக்குள் அகப்பட்டு அரிப்பிலிருந்து தப்பியதே காரணமாகும். உயர்த்துவது மட்டுமல்ல, ஒளித்துவைத்துக் காப்பதும் பெயர்ச்சியின் வேலைதான்.

திருகோணமலையில் எதை எதிர்பார்க்கக்கூடாது

மேலே கூறியவற்றைப் படித்த உற்சாகத்தில், நமது குன்றுகளையும் ஏதோவொரு பெயர்ச்சி அண்மையில் தூக்கி நிறுத்தியது என்று எண்ணிக்கொண்டு புறப்படுபவர் ஏமாறுவார். இங்கேதான் நிதானம் வேண்டும்.

இலங்கையின் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. அவற்றை உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி, வன்னித் தொகுதி, கடுகண்ணாவைத் தொகுதி எனப் புவிச்சரிதவியலாளர் பிரிப்பர். தென்மேற்கிலிருந்து மத்திய மலைநாட்டினூடாக வடகிழக்கு நோக்கி நீளும் உயர்நிலத் தொகுதி கடலைத் தொடுமிடமே திருகோணமலை. இப்பாறைகள் இறுதியாக வெந்து உருமாறியது ஏறத்தாழ 55 கோடி முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது அவை இருந்தது நிலத்தின் மேலே அன்று, இருபது கிலோமீற்றருக்கும் மேலான ஆழத்தில். அத்தகைய வெப்பத்திலும் அமுக்கத்திலும் பாறை உடையாது. பிசைந்த மாவைப்போல இழுபடும், மடியும். மேலோட்டில் பாறை உடைந்து நழுவுவது பொதுவாக மேலுள்ள பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்குள்தான்.

உயர்நிலத் தொகுதி கிழக்கேயுள்ள விஜயன் தொகுதியின்மேல் உந்தித் தள்ளப்பட்டது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆனால் அவ்வுந்து நிகழ்ந்தது அந்தப் பெரும் ஆழத்தில் என்பதால், "இதோ இந்தக் கோட்டில் ஒரு காலை அங்கும் ஒரு காலை இங்கும் வைத்து நிற்கின்றேன்" என்று படம் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒற்றை வெடிப்பு அதற்குக் கிடையாது. அகன்ற வலயமொன்றில் பாறை நீட்டப்பட்டு, மணிகள் நசுங்கி, பட்டைகள் மெல்லியனவாகிக் கிடப்பதே அதன் அடையாளம். அவ்வாறு நசுங்கி இழுபட்ட பாறையை மைலோனைட் என்பர். சேருவிலவில் 1971இல் கண்டறியப்பட்ட செம்பு, மக்னற்றைற்று (காந்த இரும்புத்தாது) படிவும் இந்த எல்லை வலயத்தை ஒட்டியதேயாகும்.

பின்னர் நிலம் மெல்ல உயர்ந்து, மேலிருந்தது அரித்துச் செல்லப்பட, பாறைகள் குளிர்ந்து உடையக்கூடியவையாகின. கொண்டுவானா என்னும் பெருங்கண்டம் உடைந்து இந்தியாவும் இலங்கையும் அந்தாட்டிக்காவிலிருந்து பிரியத் தொடங்கிய காலத்தில், அதாவது ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, குளிர்ந்த பாறையில் மூட்டுகளும் பெயர்ச்சிகளும் பெருமளவில் உண்டாயின. ஆகவே நமது பாறைகளில் இரு தலைமுறை அடையாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன: சூடாக இருந்தபோது இழுபட்டவை, குளிர்ந்தபின் உடைந்தவை. இவ்விரண்டையும் கலந்துவிடுவதே புதியவர்கள் செய்யும் முதற்பிழை.

அப்படியாயின் குன்றுகள் ஏன் குன்றுகளாக நிற்கின்றன? பாறையின் வன்மை காரணமாகத்தான். நகரைச் சூழ்ந்த முகடுகளிற் பலவற்றில் குவாட்சைட் உண்டு. ஏறக்குறைய முழுவதும் குவாட்ஸ் என்னும் கனியத்தாலான அப்பாறையை மழைநீர் கரைக்காது. அதன் அயலிலுள்ள, பட்டை பட்டையாகத் தெரியும் உருமாறிய பாறையான நைஸில் களிக்கல் (பெல்ஸ்பார்) அதிகம். அக்கனியம் வானிலையாலழிதலால் காலப்போக்கில் களிமண்ணாகும். பளிங்குக்கல்லோ மழையிற் கரையும். மெலிந்தவை தாழ்ந்துபோக வலியது எஞ்சி நிற்கின்றது. பெயர்ச்சிகளும் மூட்டுகளும் செய்தது, நீர் எந்த வழியாக நுழைய வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுத்ததுதான். மத்திய மலைநாட்டைப் பற்றியும் புவிச்சரிதவியலாளரிடையே இதையொத்த வாதம் நடந்தது. பிராங்க் டோசன் அடம்ஸ் 1929இல் தீவின் மூன்று படிநிலைகளை அரிப்பின் விளைவாகக் கண்டார், 1940களில் டி. என். வாடியா அவற்றைப் பெயர்ச்சிகளின் வழியே பாளம் பாளமாக உயர்த்தப்பட்ட நிலமாக விளக்கினார். படத்தைப் பார்த்தவுடனேயே பெயர்ச்சி என்று முடிவு செய்ய விரும்புபவருக்கு அந்த வாதம் நல்ல கடிவாளம்.

படத்திலிருந்து தொடங்குங்கள்

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப்படமும், கைபேசியிற் கிடைக்கும் செய்மதிப் படமும் இருந்தாற் போதும். புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் 1:100,000 புவிச்சரிதவியற் படமும் கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும். முதலில், சமவுயரக் கோடுகளைக் கொண்டு முகடுகள் எந்தத் திசையில் நீள்கின்றன என்பதை மென்மையான பென்சிலால் குறியுங்கள். அது பெரும்பாலும் பாறைப் பட்டைகள் ஓடும் திசையாகவே இருக்கும். அதன்பின், நேர்கோடாகக் கிடக்கும் பள்ளங்கள், செங்கோணத்தில் திடீரெனத் திரும்பும் ஓடைகள், ஓரிடத்தில் அறுந்து சற்றுத் தள்ளி மீண்டும் தொடங்கும் முகடுகள் ஆகியவற்றைப் புள்ளிக்கோடுகளாகப் போடுங்கள். ஊற்றுகள் வரிசையாக அமைந்திருந்தால் அவற்றையும் குறியுங்கள்.

இப்போது கோடுகளைச் சந்தேகியுங்கள். பட்டைகளுக்கு இணையாக ஓடும் நேரான பள்ளம், மெலிந்த பாறைப் பட்டை ஒன்று அரிபட்டதால் உண்டானதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பட்டைகளைக் குறுக்கே வெட்டிச் செல்லும் நேரான பள்ளமே நேரிற் சென்று பார்க்கத் தக்கது. குளக்கட்டு, வாய்க்கால், பழைய வண்டிப்பாதை, காடு வெட்டிய எல்லை என மனிதர் போட்ட நேர்கோடுகள் செய்மதிப் படத்தில் பாறையின் கோடுகள்போலவே தோன்றும். கந்தளாய், தம்பலகாமம் பக்கத்து வயல்வெளிகளில் இவை ஏராளம். படத்தில் இருபது கோடுகள் போட்டு, அவற்றில் பதினெட்டை அழித்துவிட்டுப் புறப்படுபவரே சரியாகப் பார்த்தவர்.

பாறையை அணுகும் முறை

எங்கே செல்லலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் உள்ளது. கோணேசர் மலை வழிபாட்டிடம். துறைமுகத்தின் பெரும்பகுதி கடற்படையினது. நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலை தேசியப் பூங்கா. இவ்விடங்களில் சுத்தியலை எடுக்கவே கூடாது. கண், தூரதரிசனி, அளவுநாடா, திசைகாட்டி, சாய்வுமானி, பென்சில், கோடில்லாத குறிப்புப் புத்தகம் ஆகியவை போதும். வீதி வெட்டுமுகங்களும், உரியவரின் அனுமதியோடு செல்லக்கூடிய கைவிடப்பட்ட கல்குவாரிகளுமே பயில்வதற்கு ஏற்ற இடங்கள். அங்கும் தொங்குபாறைக்குக் கீழே நிற்க வேண்டாம்.

பாறைமுகத்தை முதலில் இருபது அடி தள்ளி நின்று பாருங்கள். கிட்டே சென்றால் வெடிப்பு மட்டுமே தெரியும்; எட்ட நின்றால்தான் பட்டைகள் தெரியும். நமக்கு வேண்டியது பட்டைகளே. வெண்மையான குவாட்ஸ் நாளம் (பழைய வெடிப்பை நிரப்பிய கனியக் கோடு), கருமையான கனியப் பட்டை, சிவந்த காணற்கல் (கார்னெட்) செறிந்த வரி என ஏதாவதொன்றைத் தெரிந்தெடுத்து, அதைக் கண்ணால் பின்தொடர்ந்து வெடிப்புவரை வந்து, மறுபக்கத்தில் அது எங்கே தொடர்கின்றது என்று தேடுங்கள். நேரே தொடர்ந்தால் மூட்டு. விலகித் தொடர்ந்தால் பெயர்ச்சியாக இருக்கலாம். "இருக்கலாம்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சாய்ந்த நாளமொன்று பக்கவாட்டில் நகர்ந்தாலும், செங்குத்தான வெட்டுமுகத்தில் அது இறங்கியதுபோலவே தோன்றும். ஒரு முகத்திற் காணும் விலகல் வெறும் தோற்ற விலகல் மட்டுமே. ஒன்றுக்கொன்று செங்கோணமான இரு முகங்கள் கிடைக்கும்வரை, அல்லது தளத்தின்மேல் கீறல்வரிகள் கிடைக்கும்வரை, எந்த வகைப் பெயர்ச்சி என்று எழுத வேண்டாம்.

இன்னொரு பொறி: வெடிப்பு வெறுமனே விரிந்து அதற்குள் நாளம் நிரம்பியிருந்தால், குறுக்கே செல்லும் பட்டைகள் சற்று விலகியதுபோலத் தெரியும். இரு சுவர்களின் மேடு பள்ளங்களையும் மனத்தால் நெருக்கிப் பாருங்கள். கிழிந்த கடதாசியின் இரு துண்டுகள்போல அவை நேரே பொருந்தினால், நகர்வு தளத்தின் வழியே நிகழவில்லை, தளத்துக்குக் குறுக்காகவே நிகழ்ந்துள்ளது.

விலகலை உறுதிசெய்தபின் கிட்டே செல்லலாம். நழுவிய தளங்களுக்கிடையே பாறை அரைபட்டிருக்கும். கூர்முனைத் துண்டுகள் மீண்டும் ஒட்டிக்கொண்டு திரண்ட உடைகற்பாறை, விரலால் தேய்த்தால் மாவுபோல உதிரும் களி ஆகியவை குளிர்ந்த நிலையிலான நழுவலின் சான்றுகள். ஆனால் மழைநீர் வெடிப்புக்குள் கொண்டுவந்து சேர்த்த மண்ணும் களிபோலவே இருக்கும். அதில் வேர்களோ வட்டமான மணல்மணிகளோ இருந்தால் அது வந்து சேர்ந்த மண்.

வழுக்குத்தளமே எல்லாவற்றிலும் சுவையான சான்று. இரு பாளங்கள் உராய்ந்த தளம் மினுமினுப்பாகி, அதில் ஒரே திசையில் மெல்லிய வரிகள் கிடக்கும். வரிகள் மேலிருந்து கீழாக ஓடினால் ஏற்றமோ இறக்கமோ நிகழ்ந்தது. கிடையாக ஓடினால் பக்கவாட்டு நகர்வு. எந்தப் பக்கமாக என்பதைக் கண் சொல்லாது, கைதான் சொல்லும். நழுவலின்போது வளர்ந்த கனிய இழைகள் தளத்தில் நுண்ணிய படிகளாக அமைந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் வரிகளின் வழியே ஒருமுறை மேலும் ஒருமுறை கீழும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் தடங்கலாகவும் இருந்தால், வழவழப்பான திசையே இப்போது அங்கு இல்லாத பாளம் சென்ற திசையாகும். மாட்டின் முதுகை உரோமத்தின் போக்கில் தடவுவதற்கும் எதிராகத் தடவுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது அது.

இவ்விடத்தில் எனது பிழையொன்றையும் சொல்லுவது பொருத்தம். பல ஆண்டுகளுக்கு முன்பு, கைவிடப்பட்ட கல்குவாரியொன்றில் பாறைமுகத்தில் இணையாக இறங்கும் அரைவட்டத் தவாளிப்புகளைக் கண்டு, ஒரு பிற்பகல் முழுவதும் அவற்றின் சாய்வை அளந்து அட்டவணையிட்டேன். அங்கே முன்பு வேலை செய்த முதியவர் ஒருவர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டு, "தம்பி, அது நாங்கள் வெடி வைக்கத் துளைத்த துளை" என்றார். வெடித்தபின் துளையின் பாதி பாறையில் எஞ்சியிருந்தது. இயற்கையின் வரிகள் இத்தனை ஒழுங்கான இடைவெளியில் இரா என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அதேபோல, மொட்டைப் பாறைகளில் வெங்காயத் தோல்போல உரியும் வளைந்த தகடுகளும் பெயர்ச்சிகள் அல்ல. மேற்சுமை நீங்கியதால் பாறை விரிந்து உரிந்தவை.

தளத்தின் நிலையை அளக்க இரண்டு எண்கள் தேவை. தளத்தின்மேல் கிடைமட்டமாக வரையக்கூடிய கோடு எத்திசையில் ஓடுகின்றது என்பது ஒன்று. தளம் எத்தனை பாகையில், எப்பக்கம் சாய்கின்றது என்பது மற்றையது. தண்ணீர்ப் போத்தலிலிருந்து சிறிது நீரைத் தளத்தின்மேல் விட்டால் அது ஓடும் திசையே சாய்வின் திசை. திசைகாட்டியை இரும்பு வேலி, மோட்டார்ச் சைக்கிள், காந்தப் பூட்டுள்ள கைபேசி உறை ஆகியவற்றிலிருந்து விலக்கிப் பிடியுங்கள். மக்னற்றைற்றுச் செறிந்த பாறையும் முள்ளைத் திருப்பிவிடும். சில அடி தள்ளி நின்று மீண்டும் அளக்கும்போது எண் மாறினால் முதல் அளவை நம்பக்கூடாது.

இறுதியாக, எது முந்தியது என்பதைப் பாருங்கள். வெட்டியது வெட்டப்பட்டதைவிட இளையது. நாளமொன்று பெயர்ச்சியால் அறுபட்டிருந்தால் நாளம் மூத்தது. பெயர்ச்சியின் களிக்குள்ளேயே அறுபடாத நாளமொன்று ஓடினால், நழுவல் ஓய்ந்த பின்னரே அது வந்தது. ஒரே முகத்தில் மூன்று நான்கு நிகழ்ச்சிகளை இவ்வாறு வரிசைப்படுத்த முடியும். பாறையோடு பழகுவதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே.

கன்னியாவில் நீர் சொல்வது

பாறைமுகம் ஒன்றையும் காணாமலே பிளவுகளை உணரக்கூடிய இடம் கன்னியா. அங்குள்ள ஏழு கிணறுகளின் நீரும் கைபொறுக்கும் சூடுள்ளது. கிணற்றுக்குக் கிணறு சிறிது வேறுபட்டாலும் பொதுவாக 40 பாகை செல்சியசை அண்டியே நிற்கும். எரிமலை எதுவும் இங்கில்லை. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தால் சூடேறி, மற்றொரு வெடிப்பு வழியாக மேலே வருகின்றது. மேலோட்டில் ஒரு கிலோமீற்றர் இறங்குவதற்கு 25 முதல் 30 பாகை வரை வெப்பம் உயர்வது பொதுவான அளவு. நமது நிலமட்டத்து நீர் 28 பாகை என்று கொண்டால், 12 பாகை கூடுவதற்கு ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் ஆழமாவது அது சென்றிருக்க வேண்டும். வரும் வழியில் சூடு குறைவதையும் சேர்த்தால் அதைவிட ஆழம். அத்தனை ஆழம்வரை திறந்திருக்கும் வெடிப்பு வலயம் ஒன்று இல்லாமல் இது கூடாது. மகா ஓயா, வகாவ, அம்பாந்தோட்டையை அடுத்த மகாபெலெஸ்ஸ ஆகிய வெந்நீரூற்றுகளையும் படத்திற் குறித்து, உயர்நிலத் தொகுதிக்கும் விஜயன் தொகுதிக்கும் இடையிலான எல்லையை மேலே வரைந்து பாருங்கள்; அவை அந்த வலயத்தை அண்டியே கோவைபோல அமைந்திருப்பது தெரியும். சூடாக இருந்தபோது இழுபட்ட பழைய எல்லையை, பிற்காலத்து உடைவுகள் மீண்டும் பயன்படுத்திக்கொண்டன என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரிந்து இங்கில்லை. வெப்பமானி ஒன்றைக் கொண்டுசென்று ஏழு கிணறுகளையும் ஒரே காலையில் அளந்து, மாரி முடிந்தபின் மீண்டும் அளந்து ஒப்பிடுவது நல்ல பயிற்சி.

துறைமுகமும் கடலடியும்

நமது துறைமுகத்தின் ஆழத்தைப் புகழாதவர் இல்லை. கொட்டியார்க் குடாவின் கரையை அண்டித் தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு 3,000 மீற்றருக்கும் அதிகமான ஆழம்வரை இறங்குகின்றது. மகாவலி கங்கை கொட்டியார்க் குடாவில் விழுவதால் ஆற்றுக்கும் பள்ளத்தாக்குக்கும் தொடர்பு கற்பிப்பது எளிது. ஆனால் கடும் பாறையில் இத்தகைய ஆழத்தை வெட்டுவதற்கு நீருக்கும் வண்டலுக்கும் மெலிந்த கோடுகள் முன்பே கிடைத்திருக்க வேண்டும் என்பதால், கொண்டுவானா உடைந்தபோது தோன்றிய பிளவுகளோடு இதனை இணைத்துப் பார்க்கின்றனர். கடல்சார் வரைபடத்தில் ஆழ எண்களைப் பின்தொடர்ந்து, பள்ளத்தாக்கு எங்கெங்கே நேராகச் சென்று சட்டெனத் திரும்புகின்றது என்பதைக் குறித்து, அத்திசைகளைக் கரையிலுள்ள மூட்டுகளின் திசைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படகு தேவையில்லாத ஆய்வு இது.

2004 டிசெம்பர் 26ஐ இங்கே குறிப்பிடாமற் செல்ல முடியாது. அன்று நமது கரையை அழித்த அலைக்குக் காரணமான பெயர்ச்சி நமது நிலத்தில் இல்லை. சுமாத்திராவிலிருந்து அந்தமான்வரை ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு, இந்தியத் தகட்டின்மேல் ஏறிக் கிடந்த தகட்டின் விளிம்பு உந்துப் பெயர்ச்சித் தளமொன்றின் வழியே நழுவியது. நிலநடுக்கத்தின் பருமன் 9.1. மீன்தொட்டியில் பலகை தள்ளிய பக்கத்து மணல் எழுந்ததுபோலக் கடலடி எழுந்து, தன்மேலிருந்த நீரையும் எழுப்பியது. காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் நிகழ்ந்த அந்த நழுவலின் அலை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் கிழக்குக் கரையை அடைந்தது. அதே நழுவல் கிடைப் பெயர்ச்சியாக இருந்திருப்பின் கடலடி மேலெழுந்திராது. அலையும் அவ்வளவில் எழுந்திராது. 2012 ஏப்ரல் 11இல் அதே சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 பருமனில் கிடைப் பெயர்ச்சியொன்று நிகழ்ந்து, நமது கரையிலும் மக்கள் மேட்டுநிலம் தேடி ஓடியபோது, அழிவு தரும் அலை வராததற்குக் காரணம் அதுவே. பெயர்ச்சியின் வகையைப் பிரித்தறிவது தேர்வுக்கான பாடம் மட்டுமன்று என்பதை இவ்விரு நாட்களையும் கண்ட நமக்கு விளக்கத் தேவையில்லை.

குறிப்புப் புத்தகம்

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே இடம், திகதி, நேரம், நீங்கள் நோக்கிய திசை, நடுவே படம், கீழே அளவுகள். ஒளிப்படம் எடுத்தாலும் கையால் வரையுங்கள், ஏனெனில் வரையும்போதுதான் எந்தக் கோடு எந்தக் கோட்டை வெட்டுகின்றது என்று கண் முடிவு செய்தாக வேண்டியிருக்கும். கண்டதையும் கருதியதையும் ஒரே வரியில் எழுத வேண்டாம். இடப்பக்கத்தில் கண்டது, வலப்பக்கத்தில் கருதியது. "வெண்ணாளம் 14 சென்ரிமீற்றர் விலகியுள்ளது" என்பது இடப்பக்கத்துக்குரியது. "இயல்புப் பெயர்ச்சி" என்பது வலப்பக்கத்துக்குரியது, அதுவும் பென்சிலில்.

இராவணன் வெட்டுக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே வேலிக்கு இப்பால் நின்று, தூரதரிசனியால், எதிர்ச்சுவரில் அடையாளமான ஒரு பட்டையைத் தெரிந்தெடுத்து, இப்பக்கத்துச் சுவரில் அதன் தொடர்ச்சியைத் தேடுங்கள். காலை வெயில் கடற்பக்கமாக விழும் வேளை இதற்கு நல்லது. உச்சிப்பொழுதில் நிழலின்றிப் பட்டைகள் மறைந்துவிடும். வாடைக்காற்று ஓய்ந்து கடல் அமைதியான மாதங்களில், படகோட்டியின் சொற்கேட்டுப் பாறையிலிருந்து தள்ளி நின்று, கடற்பக்கமிருந்தும் ஒருமுறை பார்த்து, இரு படங்களையும் அருகருகே ஒட்டுங்கள். வலப்பக்கத்தை அதன்பிறகு நிரப்பினாற் போதும்.